சென்னையின் எஃப்சி

சென்னையின் எஃப்சி என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையை மையமாகக் கொண்டு இயங்கும் தொழில்முறைக் காற்பந்துக் கழகம் ஆகும். இக்கழகம் 2014 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில், இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் முதற் பருவத்தையொட்டித் தொடங்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டிலும் 2017-18 பருவத்திலும் இக்கழகம் வாகையர் பட்டம் வென்றது. 2019-20 பருவத்தில் இறுதிப் போட்டியில் தோற்று இரண்டாம் இடம் பெற்றது.

இக்கழகம் ஆடிய மூன்று இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டிகளுமே சென்னைக்கு வெளியே நடந்தவை. வென்ற இரண்டு இறுதிப் போட்டிகளிலும் எதிரணியின் சொந்த மைதானத்திலேயே அதனை வீழ்த்தியது. இரண்டிலும் கோல் கணக்கு 3-2 ஆகும். அட்டவணையின் அடித்தளத்திலிருந்து உச்சிக்கு ஏறுவதும், உச்சியிலிருந்து அடுத்த பருவத்திலேயே சரிவதும் இக்கழகத்தின் முதல் ஆறு பருவங்களில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தன.

பெயரும் சின்னமும்

"சென்னையின்" என்பது சென்னை என்னும் பெயருடன் ஆறாம் வேற்றுமைச் சாரியை சேர்ந்த வடிவம் ஆகும். "சென்னைக்கு உரிய" என்பது இதன் பொருள். இந்தியாவின் பல காற்பந்துக் கழகங்கள் நகரின் பெயரை அப்படியே தாங்கியிருக்க, இக்கழகத்தின் பெயர் தமிழ் இலக்கண உருபு ஒன்றையும் சேர்த்துக் கொண்டுள்ளது. ஆங்கில ஊடகங்களும் இதனை அவ்வாறே எழுதுகின்றன.

கழகத்தின் நிறம் நீலம். கண்ணேறு படாமல் இருக்க வீட்டு வாசல்களிலும் கட்டப்பட்டு வரும் கட்டடங்களிலும் மாட்டப்படும் திருட்டிப் பொம்மையின் முகத்தைத் தழுவியதாக இதன் சின்னம் அமைந்துள்ளது. ரசிகர்கள் இவ்வணியை "மெரினா மச்சான்ஸ்" என்றும் அழைப்பர்.

உருவாக்கம்

இந்தியன் சூப்பர் லீக் 8 நகர அணிகளுடன் திட்டமிடப்பட்டபோது, அவற்றுள் ஓரிடம் பெங்களூருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வணியின் உரிமையைப் பெற்றிருந்த சன் குழுமம் 2014 இல் விலகிக் கொண்டது. அந்த இடம் சென்னைக்குக் கிடைத்தது. இந்தி நடிகர் அபிசேக் பச்சன், தொழில்முனைவோர் வீட்டா தானி ஆகியோர் இக்கழகத்தின் உரிமையாளர்களாயினர். அதே ஆண்டு அக்டோபரில் துடுப்பாட்ட வீரர் மகேந்திரசிங் தோனியும் இணை உரிமையாளராகச் சேர்ந்தார்.

பெங்களூருக்கு உரியதாக இருந்த இடத்தில் பிறந்த இவ்வணி, பின்னாளில் பெங்களூர் அணியையே இறுதிப் போட்டியில் எதிர்கொள்ள நேர்ந்தது.

விளையாட்டரங்கம்

இக்கழகத்தின் உள்ளூர் ஆட்டங்கள் பெரியமேட்டில் உள்ள சவகர்லால் நேரு விளையாட்டரங்கில் நடைபெறுகின்றன. இது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திற்கு உரியது. இவ்விடத்தில் முன்பு இருந்த மாநகராட்சி விளையாட்டரங்கில் 1956 முதல் 1965 வரை தேர்வுத் துடுப்பாட்டப் போட்டிகள் நடந்துள்ளன. இப்போதைய அரங்கம் 1993 இல் கட்டி முடிக்கப்பட்டது. அவ்வாண்டு நேரு தங்கக் கோப்பைக் காற்பந்துப் போட்டியும், 1995 இல் தெற்காசிய விளையாட்டுகளும் இங்கு நடைபெற்றன. திடலைச் சுற்றித் தடகள ஓடுபாதை அமைந்திருப்பதால் பார்வையாளர் இருக்கைகள் ஆட்டக் களத்திலிருந்து சற்றுத் தள்ளியே உள்ளன.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய தென்புறநகர்ப் பகுதிகளிலிருந்து வருவோர் தாம்பரம் - கடற்கரை புறநகர் இரயில் தடத்தில் சென்னைப் பூங்கா நிலையம் வந்து அரங்கை அடையலாம். வேளச்சேரிப் பகுதியினருக்குப் பறக்கும் இரயில் தடத்தின் பூங்கா நகர் நிலையம் அருகிலுள்ளது.

வரலாறு

முதற் பருவம் (2014)

2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலிய அணியின் தடுப்பாட்ட வீரர் மார்கோ மட்டெராசி, இக்கழகத்தின் முதல் பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் நியமிக்கப்பட்டார். பிரேசிலின் எலானோ, பிரான்சின் பெர்னார்ட் மெண்டி, மிக்கேல் சில்வெஸ்டர் ஆகியோர் அணியில் இடம்பெற்றனர். பருவத்தின் இடையில் இத்தாலியின் அலெசாண்ட்ரோ நெஸ்டாவும் சேர்ந்தார்.

கோவாவில் நடந்த முதல் ஆட்டத்தில் எஃப்சி கோவாவை 2-1 என்ற கோல் கணக்கில் சென்னையின் எஃப்சி வென்றது. 2014 அக்டோபர் 21 அன்று சென்னையில் நடந்த முதல் உள்ளூர் ஆட்டத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியையும் அதே கணக்கில் வென்றது. 14 ஆட்டங்களில் 23 புள்ளிகளுடன் அட்டவணையில் முதலிடம் பிடித்தது. 8 கோல்கள் அடித்த எலானோ அப்பருவத்தின் தங்கக் காலணி விருதைப் பெற்றார்.

எனினும் அக்காலத்தில் அட்டவணையில் முதலிடம் பெறுவதற்குத் தனிப் பட்டம் ஏதும் இல்லை. முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்குச் செல்லும். இறுதிப் போட்டியை வெல்லும் அணியே வாகையர் ஆகும். முதலிடத்திற்கான கேடயம் 2019-20 பருவத்திலேயே அறிமுகமானது. இதனால் 2014 இல் சென்னை பெற்ற முதலிடம் பட்டமாகக் கணக்கிடப்படுவதில்லை.

அரையிறுதி இரண்டு ஆட்டங்களாக நடைபெறும். இரண்டின் கோல்களும் கூட்டப்படும். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளாவிடம் 0-3 எனத் தோற்ற சென்னை, தன் மைதானத்தில் 90 நிமிடங்களுக்குள் 3 கோல்கள் அடித்துக் கணக்கைச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் 117 ஆவது நிமிடத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் அடித்த கோலால் 3-4 என்ற மொத்தக் கணக்கில் சென்னை வெளியேறியது. இரு அணிகளுக்கும் இடையிலான போட்டியுணர்வு அன்று தொடங்கியது எனலாம்.

வெள்ளமும் முதற் பட்டமும் (2015)

இரண்டாம் பருவத்தில் முதல் 10 ஆட்டங்களில் 10 புள்ளிகளை மட்டுமே பெற்ற சென்னை, அட்டவணையின் அடிமட்டத்தில் இருந்தது. எஞ்சிய நான்கு ஆட்டங்களையும் தொடர்ச்சியாக வென்று, 22 புள்ளிகளுடன் மூன்றாம் இடம் பிடித்து அரையிறுதிக்குத் தகுதி பெற்றது.

அதே வாரங்களில் சென்னை கடும் மழையைச் சந்தித்துக் கொண்டிருந்தது. 2015 திசம்பர் 1 தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றில் பெருக்கெடுத்த வெள்ளம் முடிச்சூர், வரதராசபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம் முதலிய தென்புறநகர்ப் பகுதிகளைச் சூழ்ந்தது. மீனம்பாக்கம் வானூர்தி நிலையத்தின் ஓடுபாதையில் நீர் புகுந்ததால் நிலையம் சில நாள்கள் மூடப்பட்டது. புறநகர் இரயில் போக்குவரத்தும் பாதிக்கப்பட்டது.

இந்நிலையில் அத்லெட்டிகோ டி கொல்கத்தா அணிக்கு எதிரான அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைச் சென்னையில் நடத்த இயலவில்லை. அது புனே நகரின் பாலேவாடி அரங்கிற்கு மாற்றப்பட்டது. சொந்த ரசிகர்கள் இல்லாத அந்த மைதானத்தில் திசம்பர் 12 அன்று சென்னை 3-0 என வென்றது. கொல்கத்தாவில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றாலும், 4-2 என்ற மொத்தக் கணக்கில் முதன்முறையாக இறுதிப் போட்டிக்குச் சென்றது.

இறுதிப் போட்டி 2015 திசம்பர் 20 அன்று மட்கானின் பதோர்தா அரங்கில் எஃப்சி கோவாவுக்கு எதிராக நடந்தது. புரூனோ பெலிசாரி சென்னையின் முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் தோங்கோசியம் ஆவோகிப் கோவாவுக்காகச் சமன் செய்தார். 87 ஆவது நிமிடத்தில் கோஃப்ரே அடித்த கோலால் கோவா 2-1 என முன்னிலை பெற்றது. அப்போது உள்ளூர் அணியின் வெற்றி உறுதியானதாகவே தோன்றியது. 90 ஆவது நிமிடத்தில் கோவாவின் கோல் காப்பாளர் இலட்சுமிகாந்த் கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து வலைக்குள் சென்றது. அது தன்கோலாகக் கணக்கிடப்பட்டது. காயங்களுக்கான கூடுதல் நேரத்தின் இரண்டாம் நிமிடத்தில் கொலம்பியரான ஸ்டீவன் மெண்டோசா வெற்றிக் கோலை அடித்தார். ஆட்டம் 3-2 என முடிந்தது. மெண்டோசா 13 கோல்களுடன் தங்கக் காலணி விருதையும், அப்பௌலா எடெல் சிறந்த கோல் காப்பாளருக்கான தங்கக் கையுறை விருதையும் பெற்றனர். இவ்வெற்றி வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட சென்னை மக்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது.

இரண்டாம் பட்டம் (2016 - 2018)

2016 பருவத்தில் அணி ஏழாம் இடத்திற்குச் சரிந்தது. 2017 இல் மட்டெராசி விலக, இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா கழகத்தின் முன்னாள் மேலாளர் சான் கிரகரி பொறுப்பேற்றார். 2017-18 இல் லீக் 10 அணிகளாக விரிந்தது. சென்னை 18 ஆட்டங்களில் 32 புள்ளிகளுடன் இரண்டாம் இடம் பெற்றது. 40 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது புதிதாகச் சேர்ந்த பெங்களூரு எஃப்சி ஆகும்.

அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கோவாவுடன் 1-1 எனச் சமன் செய்த சென்னை, தன் மைதானத்தில் 3-0 என வென்றது. செசே லால்பெக்லுவா இரண்டு கோல்களும், வியாசர்பாடியைச் சேர்ந்த தனபால் கணேசு ஒரு கோலும் அடித்தனர்.

இறுதிப் போட்டி 2018 மார்ச் 17 அன்று பெங்களூரின் சிறீ கண்டீரவா அரங்கில் நடந்தது. 9 ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி பெங்களூருக்கு முன்னிலை தந்தார். பிரேசிலியத் தடுப்பாட்ட வீரர் மைல்சன் ஆல்வெசு முதற் பாதியிலேயே இரு முறை, மூலை உதையிலிருந்து வந்த பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். 67 ஆவது நிமிடத்தில் ரபேல் அகுஸ்டோ மூன்றாம் கோலை அடித்தார். ஆட்டத்தின் கடைசி நேரத்தில் மிக்கு பெங்களூரின் இரண்டாம் கோலை அடித்தாலும் சென்னை 3-2 என வென்றது. அன்றுவரை கொல்கத்தா அணி மட்டுமே இரு முறை பட்டம் வென்றிருந்தது.

சரிவும் மீட்சியும் (2018 - 2020)

வாகையராக நுழைந்த 2018-19 பருவத்தில் சென்னை 18 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்றது. 9 புள்ளிகளுடன் கடைசி இடம் பெற்றது. இந்தியன் சூப்பர் லீக்கில் கீழ்ப் பிரிவுக்கு இறக்கும் முறை அப்போது இல்லாததால் கழகம் தன் இடத்தை இழக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் புவனேசுவரத்தில் நடந்த சூப்பர் கோப்பை இறுதிப் போட்டியை எட்டி, கோவாவிடம் 1-2 எனத் தோற்றது.

2019-20 பருவமும் மோசமாகவே தொடங்கியது. முதல் 6 ஆட்டங்களில் 5 புள்ளிகள் மட்டுமே கிடைத்த நிலையில் கிரகரி விலகினார். பர்ன்லி, போல்டன் ஆகிய ஆங்கிலக் கழகங்களின் முன்னாள் மேலாளர் ஓவன் கோயல் திசம்பரில் பொறுப்பேற்றார். எஞ்சிய 12 ஆட்டங்களில் 24 புள்ளிகளைச் சேர்த்த அணி நான்காம் இடம் பிடித்தது. அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என வென்று, மறு ஆட்டத்தில் 2-4 எனத் தோற்று, 6-5 என்ற மொத்தக் கணக்கில் முன்னேறியது.

2020 மார்ச் 14 அன்று பதோர்தாவில் நடந்த இறுதிப் போட்டி, கொரோனா பெருந்தொற்று காரணமாகப் பார்வையாளர் எவருமின்றி நடத்தப்பட்டது. அதில் ஏடிகே அணியிடம் சென்னை 1-3 எனத் தோற்றது. சென்னையின் ஒரே கோலை அடித்த லித்துவேனிய வீரர் நெரியுசு வால்ஸ்கிசு, 15 கோல்களுடன் அப்பருவத்தின் தங்கக் காலணி விருதைப் பெற்றார். அவரைத் தவிர வேறு இருவரும் 15 கோல்கள் அடித்திருந்தனர்.

2020 இற்குப் பின்

2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களின் ஆட்டங்களும் பெருந்தொற்றினால் கோவாவிலேயே நடத்தப்பட்டன. இதனால் சென்னை ரசிகர்கள் தம் அணியை நேரில் காண இயலவில்லை. இவ்விரு பருவங்களிலும் 2022-23 இலும் கழகம் எட்டாம் இடமே பெற்றது. 2023-24 இல் ஓவன் கோயல் மீண்டும் பயிற்சியாளரானார். ஆறாம் இடம் பிடித்த அணி, நான்கு பருவங்களில் முதன்முறையாக அடுத்த சுற்றுக்குச் சென்று கோவாவிடம் 1-2 எனத் தோற்றது. 2024-25 இல் மீண்டும் பதினோராம் இடத்திற்கு இறங்கியது.

ஆசியப் போட்டி

2017-18 பட்டத்தின் பயனாக 2019 இல் ஏஎஃப்சி கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இக்கழகம் ஆடியது. இலங்கையின் கொழும்பு எஃப்சி அணியுடன் கொழும்பில் 0-0 எனச் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 1-0 என வென்று பிரிவுச் சுற்றுக்குள் நுழைந்தது. வங்காளதேசத்தின் அபகானி டாக்கா, நேபாளத்தின் மனாங் மர்சியாங்டி, இந்தியாவின் மினர்வா பஞ்சாப் ஆகியவை இடம்பெற்ற பிரிவில் அபகானிக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றது. உள்ளூர் ஆட்டங்கள் சென்னையில் அன்றி அகமதாபாத்தில் நடத்தப்பட்டன.

முதன்மைப் போட்டி அணிகள்

கேரளா பிளாஸ்டர்ஸ்: அண்டை மாநிலங்களின் அணிகள் மோதுவதால் இவ்வாட்டம் "தென்னிந்திய டெர்பி" எனப்படுகிறது. ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த இரு அணிகளின் மோதலை டெர்பி என்பர். 2014 அரையிறுதி இதன் தொடக்கம் ஆகும். 2020 பெப்ரவரி 1 அன்று கொச்சியில் சென்னை 6-3 என வென்றது. 2023 நவம்பரில் அதே கொச்சியில் நடந்த ஆட்டம் 3-3 எனச் சமனில் முடிந்தது.

பெங்களூரு எஃப்சி: 2013 இல் தொடங்கப்பட்டு ஐ-லீக்கில் ஆடிவந்த இக்கழகம் 2017 இல் இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. அவ்வாண்டு திசம்பரில் பெங்களூரில் நடந்த முதல் சந்திப்பில் தனபால் கணேசு இறுதிக் கட்டத்தில் அடித்த கோலால் சென்னை 2-1 என வென்றது. மூன்று மாதங்களுக்குப் பின் அதே அரங்கில் நடந்த இறுதிப் போட்டி இப்போட்டியுணர்வை வளர்த்தது.

எஃப்சி கோவா: ஒரு லீக் இறுதிப் போட்டி, இரண்டு அரையிறுதிகள், ஒரு சூப்பர் கோப்பை இறுதி, ஒரு வெளியேற்றச் சுற்று என முக்கியக் கட்டங்களில் சென்னை மிகுதியாகச் சந்தித்த அணி இதுவாகும்.

குறிப்பிடத்தக்க வீரர்கள்

* செசே லால்பெக்லுவா - மிசோரம் மாநிலத்தைச் சேர்ந்த முன்கள வீரர். 2014 முதல் 2020 வரை ஆடினார். இந்தியன் சூப்பர் லீக்கில் இக்கழகத்திற்காக 23 கோல்கள் அடித்தார். இரு பட்டங்களிலும் பங்கு பெற்றவர். 2023 இல் மிசோரம் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.
* எலானோ - பிரேசில் தேசிய அணியின் முன்னாள் நடுக்கள வீரர். கழகத்தின் முதல் தங்கக் காலணி வெற்றியாளர்.
* ஸ்டீவன் மெண்டோசா - 2015 பட்டத்தின் நாயகர்.
* மைல்சன் ஆல்வெசு - 2018 இறுதிப் போட்டியில் இரு கோல்கள் அடித்த தடுப்பாட்ட வீரர்.
* அனிருத் தாப்பா - தேராதூனைச் சேர்ந்த நடுக்கள வீரர். 2016 இல் இளம் வீரராகச் சேர்ந்து, பின்னர் அணித்தலைவராக உயர்ந்தார். 2023 இல் மோகன் பகான் சென்றார்.
* செரி லால்ரின்சுவாலா - 2016 பருவத்தின் வளர்ந்துவரும் வீரர் விருதைப் பெற்ற இடப்புறத் தடுப்பாட்டக்காரர்.
* ரபேல் கிரிவெலாரோ - 2019-20 மீட்சியில் பெரும் பங்காற்றிய பிரேசிலிய நடுக்கள வீரர்.

தமிழ்நாட்டு வீரர்கள்

தமிழ் உருபைப் பெயரில் தாங்கிய அணியில் தமிழ்நாட்டு வீரர்கள் எத்தனை பேர் ஆடுகின்றனர் என்பது ரசிகர்களிடையே தொடர்ந்து எழும் கேள்வி ஆகும். இரு பட்டங்களையும் வென்ற அணிகளில் இந்திய வீரர்கள் பெரும்பாலும் வடகிழக்கு மாநிலங்களையும் பிற மாநிலங்களையும் சேர்ந்தவர்களே. இக்கூட்டத்தில் தனித்துத் தெரிபவர் தனபால் கணேசு. அவர் பிறந்த வடசென்னையின் வியாசர்பாடி, தெருக் காற்பந்துக்குப் பெயர்பெற்ற பகுதி ஆகும்.

2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி எஃப்சி அணியில் ஆடிய எட்வின் சிட்னி வான்சுபால், அடுத்த பருவத்தில் சென்னையின் எஃப்சியில் சேர்ந்தார். சென்னை சிட்டி தன் பெயரில் சென்னையைக் கொண்டிருந்தாலும், அப்பட்டத்தைக் கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கைச் சொந்த மைதானமாகக் கொண்டே வென்றது. அக்கழகம் 2020-21 பருவத்திற்குப் பின் ஐ-லீக்கில் ஆடவில்லை. அதன்பின் தமிழ்நாட்டு இளைஞர்கள் உயர்நிலைத் தொழில்முறைக் காற்பந்தில் நுழைவதற்கான உள்ளூர் வாயில்களுள் ஒன்று குறைந்தது.

பயிற்சியாளர் குழுவில் சென்னையைச் சேர்ந்தவர் சையது சபீர் பாசா ஆவார். இந்திய அணியின் முன்னாள் முன்கள வீரரான இவர் துணைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். 2022 இல் பண்டோவிச் விலகியபோது இடைக்காலப் பயிற்சியாளராகவும் பொறுப்பு வகித்தார்.

பயிற்சியாளர்கள்

* மார்கோ மட்டெராசி (இத்தாலி) 2014 - 2016
* சான் கிரகரி (இங்கிலாந்து) 2017 - 2019
* ஓவன் கோயல் 2019 - 2020
* சாபா லாசுலோ (அங்கேரி) 2020 - 2021
* போசிதர் பண்டோவிச் (மொண்டெனேகுரோ) 2021 - 2022
* தாமசு பிரிடாரிச் (செருமனி) 2022 - 2023
* ஓவன் கோயல் 2023 - 2025

ரசிகர்கள்

"சூப்பர் மச்சான்ஸ்", "பி ஸ்டாண்ட் புளூஸ்" ஆகியவை இக்கழகத்தின் அறியப்பட்ட ரசிகர் குழுக்கள் ஆகும். இரண்டாவது குழு, அரங்கில் தான் அமரும் பகுதியின் பெயரையும் கழகத்தின் நிறத்தையும் சேர்த்துப் பெயர் கொண்டது. துடுப்பாட்டம் மேலோங்கிய நகரில் காற்பந்துக்கென ஒரு நிலையான ரசிகர் கூட்டம் உருவாகியிருப்பதை இக்குழுக்கள் காட்டுகின்றன. இறுதிப் போட்டிகள் வெளியூர்களிலும், சில உள்ளூர் ஆட்டங்கள் புனே, அகமதாபாத் போன்ற நகரங்களிலும் நடந்ததால், கழகத்தின் பெரிய வெற்றிகள் பலவற்றை இவர்களுள் பெரும்பாலோர் தொலைக்காட்சியிலேயே காண நேர்ந்தது.

சாதனைச் சுருக்கம்

* இந்தியன் சூப்பர் லீக் வாகையர்: 2015, 2017-18
* இந்தியன் சூப்பர் லீக் இரண்டாம் இடம்: 2019-20
* சூப்பர் கோப்பை இரண்டாம் இடம்: 2019
* தங்கக் காலணி: எலானோ (2014), ஸ்டீவன் மெண்டோசா (2015), நெரியுசு வால்ஸ்கிசு (2019-20)